வலது திருப்பத்தில் மட்டும்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளிலேயே எழுதி வாங்கப்பட்டுவிட்டன. அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ‘பிரேக் அக்கா’ என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். வயது ஐம்பத்திரண்டு. எழுதும் காவலர் பேனாவை நிறுத்தி என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்ததால் மறுபடியும் சொல்கிறேன், ஐம்பத்திரண்டுதான். தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. குடியிருப்பது, நான் வேலை பார்க்கும் பயிற்சிப் பள்ளிக்கு மேலேயுள்ள மாடியில். பள்ளி என் அக்காள் கணவருக்குச் சொந்தம். அவரை இனி அத்தான் என்றே குறிப்பிடுகிறேன்.

இன்று காலை நீரூற்று வட்டத்தில், வங்கிக்கு எதிரே, சந்தேகத்துக்கு இடமான முறையில் காரில் சுற்றிச் சுற்றி வந்ததாக என்னையும் மெக்கானிக்கையும் இந்த நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். அதுபற்றி நான் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு நினைவோடும் ஒரே ஒரு டீ இறங்கிய வயிற்றோடும் சொல்வதாவது:

எங்கள் பள்ளியில் இருப்பது ஒரே கார். பெட்ரோல் வண்டி. கற்றுக்கொள்பவர் வலப்பக்கம் ஓட்டுநர் இருக்கையில் இருப்பார்; நான் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பேன்; என் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. டாங்கில் பெட்ரோல் நிறைய இருந்தால் சொல்லிக்கொடுப்பவர் ஊர் சுற்றப் போய்விடுவார் என்பது அத்தானின் திடமான நம்பிக்கை. சொல்லிக்கொடுப்பவர் என்பது நான். ஆகவே தினமும் காலையில் ஒரு சின்னக் கேனிலிருந்து, கைக்குழந்தைக்கு மருந்து ஊற்றுவதுபோல் ஊற்றுவார். பெட்ரோல் முள் எழுந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் வண்டி வெளியார் கைக்குப் போகிறது என்றால், மெக்கானிக்கிடமோ அரசாங்கப் பரிசோதனைக்கோ, டாங்கை வழிய வழிய நிரப்பித்தான் அனுப்புவார். காலியாக அனுப்பினால் நாலு பேர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பார். வீட்டுக்குள் கிழிந்த பனியன், வாசலைத் தாண்டினால் இஸ்திரி போட்ட சட்டை என்பது அவர் சுபாவம். இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அது ஞாபகம் வரத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

சில மாதங்களாக அந்த வண்டி திருப்பத்தில் திணறித் திணறி நின்றுபோய்க்கொண்டிருந்தது. தையற்காரர் ஓட்டும்போது நின்றது, கல்லூரிப் பேராசிரியை ஓட்டும்போது நின்றது, கல்யாணத்துக்கு முன் ஓட்டக் கற்றே தீருவேன் என்று வந்த மாப்பிள்ளைப் பையன் ஓட்டும்போதும் நின்றது. நின்றதும் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “அக்கா, நான் கிளட்சை ஒழுங்காத்தான் மிதிச்சேன்.” நானும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: “எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க சொன்னது உங்க காலுக்குக் கேட்டுச்சான்னு பாருங்க.” என் கையிலும் ஒருமுறை நின்றது. அன்று நான் போய்ச் சர்க்கரை அளவைச் சோதித்துக்கொண்டேன். வண்டியைச் சோதிக்கவில்லை.

அதன் பிறகு பேராசிரியை அத்தானிடம் நேரிலேயே முறையிட்டதால் வண்டி மெக்கானிக்கிடம் அனுப்பப்பட்டது. இப்போது என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாரே, அவர்தான் மெக்கானிக். எதற்கும் அவசரப்படாதவர் என்பதால் அவரை ‘நிதானம்’ என்று அழைப்பது வழக்கம். நிதானம் பெட்ரோல் வடிகட்டியை மாற்றினார், நெடுஞ்சாலையில் நேராக ஓட்டிப் பார்த்தார், வண்டி பறந்தது. மறுபடி நின்றது. பிளக்குகளை மாற்றினார், மறுபடி நெடுஞ்சாலையில் ஓட்டினார், பறந்தது. கடைசித் தடவை எதை மாற்றினார் என்று அவருக்கே தெரியாது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு ஓட்டுகிறவர்களிடம்தான் என்று தீர்ப்புச் சொல்லித் திருப்பி அனுப்பினார். நானும் அதைச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். ஏனென்றால் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில் என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். அவளுடைய கணவர் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு படுத்த படுக்கையாக இருக்கிறார். ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைக் கூட்டிவரும் வேன் ஓட்டும் வேலை அவளுக்குக் கிடைப்பதாக இருந்தது. மாதக் கடைசிக்குள் உரிமம் வேண்டும், பேரில் வழக்கு எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எனக்கும் அவளுக்கும் எப்படி என்று ஆய்வாளர் கேட்டார். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் எப்படி இருக்குமோ அப்படித்தான் என்றேன். அவருக்கும் வீட்டில் நாத்தனார் பிரச்சினை உண்டு போலிருக்கிறது, மேற்கொண்டு கேட்கவில்லை. மற்றவர்களை ஒரு திட்டு திட்டினால் இவளை இரண்டு திட்டு திட்டினேன். என் கல்யாணத்தின்போது என் சமையலைப் பற்றி அவள் சொன்ன ஒரு வார்த்தை அதில் ஒரு திட்டுக்குக் காரணம்.

அவள் பேரில் வழக்கு வரக் காரணமான விபத்து நடந்த அன்று, மார்க்கெட் முனையில் வலப்பக்கம் திரும்பும்படி அவளிடம் சொன்னேன். எதிரே தூரத்தில் பால் வண்டி வந்தது. தாராளமாகத் திரும்ப இடம் இருந்தது. கைகாட்டி விளக்கைப் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், திரும்பினாள். பாதித் திருப்பத்தில் வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு, நடுச்சாலையில் குறுக்காக நின்றுவிட்டது. திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினாள், எடுபடவில்லை. பால் வண்டிக்காரர் எங்கள் மேல் மோதாமலிருக்க ஒடித்துத் திருப்பி, நடைபாதையில் ஏறி, பூட்டியிருந்த கடையின் ஷட்டரில் இடித்தார். அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. சாலை முழுக்கப் பால் ஓடியது. அதன் பிறகு கூட்டம் கூடியது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நான் இறங்கி நின்றுகொண்டு, “கிளட்சு, கிளட்சுன்னு உனக்கு எத்தனை தடவைடி சொல்றது!” என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற போக்குவரத்துக் காவலர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வழக்கில் முதல் சாட்சியமாக இன்றுவரை இருப்பது என்னுடைய அந்தக் கத்தல்தான்.

அதன் பிறகு நாத்தனாரை விசாரித்தபோது, அவசரத்தில் கிளட்சை விட்டுவிட்டேன், தப்பு என் காலுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அப்படித்தான் நடந்ததா என்று நான் அவளைக் கேட்டபோது, “நீங்கதானே அண்ணி சொன்னீங்க, உங்களுக்குத் தெரியாததா?” என்றாள். என் கல்யாணம் முதல் இன்றுவரை நான் சொன்ன ஒன்றை அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு வண்டியை அரசாங்கப் பரிசோதகர் ஓட்டிப் பார்த்து, இயந்திரக் கோளாறு ஏதும் இல்லை என்று சான்று கொடுத்தார். பரிசோதனைக்கு அனுப்பும் முன் அத்தான் டாங்கை நிரப்பியிருந்தார் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பிணையில் வண்டி திரும்பி வந்தது. நாத்தனார் மட்டும் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டாள். ஒருநாள் அவளைப் பார்க்கப் போனேன். அடுப்பின் முன் நின்று ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். காலடியில் மடித்த சாக்கு ஒன்று கிடந்தது. கிளறிக்கொண்டே இடது காலால் அந்தச் சாக்கை மிதிப்பதும் மெதுவாக விடுவதுமாக இருந்தாள். நான் வந்தது தெரிந்தும் நிறுத்தவில்லை. உள்ளே இருந்து அவள் கணவர், “நாள் பூரா இதேதான், நீங்களாவது சொல்லுங்க” என்றார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சர்க்கரை வியாதி இருப்பதால் பழச்சாறு குடிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் ஒரு பெரிய டம்ளர் பழச்சாறு வாங்கி உறிஞ்சுகுழல் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். இதை எழுத வேண்டுமா என்று காவலர் கேட்டார். எழுதத்தான் வேண்டும், வழக்கே இதில்தான் இருக்கிறது. ஆனால் என் வீட்டுக்காரருக்கு இதன் நகல் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். டம்ளரில் அடியில் கொஞ்சம் மட்டும் மிச்சமிருந்தது. குழலை டம்ளரின் வலது ஓரமாகப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பஸ் மார்க்கெட் முனையில் வலப்பக்கம் திரும்பியது. சாறு முழுவதும் இடப்பக்கம் ஒதுங்கியது, குழல் ‘கொர்ர்’ என்று வெறும் காற்றை இழுத்தது. பஸ் நேரானதும் மறுபடி சாறு வந்தது. முன் இருக்கைப் பெண்மணி திரும்பி என்னை முறைத்தார். நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். அது என் நிறுத்தம் இல்லை.

நேராக நிதானத்தின் பட்டறைக்குப் போனேன். வண்டி வலப்பக்கம் திரும்பும்போது மட்டும்தான் நிற்கிறது, இடப்பக்கம் ஒருநாளும் நின்றதில்லை என்று சொன்னேன். எங்களுக்குள் நடந்த பேச்சு:

“வண்டிக்கு எங்கக்கா வலது இடது தெரியும்?”

“வண்டிக்குத் தெரியாதுய்யா, பெட்ரோலுக்குத் தெரியும். டாங்குக்குள்ள உறிஞ்சுற மோட்டார் எந்தப் பக்கம் இருக்கு?”

“வலது பக்கம். அதைச் சுத்தி ஒரு கிண்ணம் இருக்கும்க்கா. பெட்ரோல் எந்தப் பக்கம் சாஞ்சாலும் கிண்ணத்துல கொஞ்சம் தங்கும். அந்தத் தைரியத்துலதான் மோட்டார் ஓடும்.”

“கிண்ணம் உடைஞ்சிருந்தா?”

“உடைஞ்சிருந்தாலும் டாங்கு நிறைய இருந்தா ஒண்ணும் தெரியாது. அடியோட அடியா இருந்தாத்தான் காத்தை இழுக்கும், நின்னா உடனே பிடிக்காது... ஆமா, உங்க வண்டியில எப்பவும் எவ்வளவு பெட்ரோல் இருக்கும்?”

நான் சிரித்தேன். அவரும் அத்தானை நினைத்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் செய்த பழுதுபார்ப்புகள் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்குத் தையற்காரர், பேராசிரியை, மாப்பிள்ளைப் பையன், சாக்கு எல்லாம் நினைவுக்கு வந்தன.

இன்று காலை, அத்தான் வழக்கம்போல் கேனிலிருந்து ஊற்றிவிட்டுப் போன பிறகு, நிதானத்தை வரவழைத்தேன். பெட்ரோலின் அழுத்தத்தைக் காட்டும் கடிகாரம் போன்ற கருவி ஒன்றை அவர் கொண்டுவந்தார். எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாயில் அதை இணைத்து, ஒரு சிவப்புக் குழாயை பானட்டுக்கு வெளியே இழுத்து, கருவியை முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப்பால் ஒட்டினார். பார்ப்பதற்கு அது என்ன மாதிரி இருந்தது என்பது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை.

முதலில் காலி மைதானத்தில் இடப்பக்கமாகச் சுற்றினேன். முள் மூன்றிலேயே ஆணி அடித்ததுபோல் நின்றது. வலப்பக்கமாகச் சுற்றுவதற்குள் கால்பந்து விளையாட வந்தவர்கள் எங்களை விரட்டிவிட்டார்கள். அதன் பிறகுதான் நீரூற்று வட்டத்துக்குப் போனோம். அந்த வட்டத்தில் விதிப்படி போனாலே வலப்பக்கம்தான் சுற்ற வேண்டும். நான் விதிப்படிதான் சுற்றினேன் என்பதைத் தொழில்முறையில் பதிவுசெய்ய விரும்புகிறேன். எத்தனை சுற்று என்று கேட்டால் தெரியாது, தலை சுற்றியது வரை தெரியும். முள்ளைப் பார்த்துச் சொல்லும் வேலை நிதானத்துடையது. அவர் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நீரூற்றுச் சத்தத்தையும் மீறி, “மூணு... மூணு... ரெண்டு... ஒண்ணு... போச்சு!” என்று ஒவ்வொரு சுற்றிலும் கத்தினார். போச்சு என்றதும் வண்டி இருமும். நான் சமாளித்து நேராக்குவேன். மறுபடி, “மூணு...”

அவர் அப்படிக் கத்திய இடமெல்லாம் சரியாக வங்கி வாசலாக அமைந்துவிட்டது. வங்கிக் காவலாளி எங்களைப் பற்றி வேறு மாதிரி நினைத்ததில் எனக்கு வருத்தமில்லை. கண்ணாடியில் கடிகாரம், அதிலிருந்து சிவப்புக் குழாய், எண்களைத் தலைகீழாக எண்ணும் ஒரு ஆள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் மணியைத்தான் அடித்திருப்பேன். அடித்தார். வங்கியில் இருந்தவர்கள் பின்வாசல் வழியாக ஓடினார்கள். மேலாளர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார் என்பது காவலாளி சொல்லித் தெரியும், என் கண்ணால் பார்த்ததில்லை.

அதன் பிறகு நாங்கள் அழைத்து வரப்பட்டோம். வண்டியைக் காவலர்கள் கயிறு கட்டி இழுத்து வந்து வளாகத்தில் நிறுத்தினார்கள். காலையிலிருந்து வந்த ஒவ்வொரு அதிகாரியிடமும் பழச்சாறு முதல் வங்கி வரை சொன்னேன். நாலாவது அதிகாரியிடம் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை குறைந்துவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு ஆய்வாளர் வந்தார். அவரிடமும் சொன்னேன். “ஓட்டத் தெரியாதவங்க எல்லாரும் சொல்ற சாக்கும்மா இது. கிளட்சை விட்டா வண்டி நிக்கத்தான் செய்யும்” என்றார். இதே வார்த்தைகளை இதே குரலில் பல மாதங்களாகச் சொல்லி வந்தவள் நான் என்பதால், எனக்குக் கோபம் வரவில்லை. களைப்புதான் வந்தது. நீங்களே ஓட்டிப் பாருங்கள் சார் என்றேன். நிதானம் கடிகாரத்தையும் குழாயையும் கழற்றிவிட்டார். ஆய்வாளர் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல் இடப்பக்கம்.

வளாகத்தில் கொடிக்கம்பத்தைச் சுற்றி வட்டமாகப் பாதை இருக்கிறது. முதலில் இடப்பக்கமாகச் சுற்றினார், ஒன்றும் ஆகவில்லை. “பாத்தீங்களா?” என்றார். அதன் பிறகு வலப்பக்கமாகச் சற்று வேகமாகத் திருப்பினார். பாதி வட்டத்தில் வண்டி இரண்டு தரம் இருமி, கொடிக்கம்பத்துக்கு எதிரே நின்றது. ஆய்வாளர் சாவியைத் திருகினார். எடுபடவில்லை. வராந்தாவில் மொத்த நிலையமும் நின்றிருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “நான் கிளட்சை ஒழுங்காத்தான் மிதிச்சேன்” என்றார்.

எனக்குத் தெரியும் சார் என்றேன். அந்தப் பதிலை நான் என் தொழிலில் முதல் தடவையாகச் சொன்னேன்.

கிளட்சு பற்றிய தன் வாக்கியத்தை எழுத வேண்டாம் என்று ஆய்வாளர் முதலில் சொன்னார். அதன் பிறகு அவரே எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அண்ணியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று யாரோ சொல்லி, என் நாத்தனார் பஸ் பிடித்து வந்திருந்தாள். ஆய்வாளர் கொடிக்கம்பத்தைச் சுற்றியபோது அவள் கேட்டுக்கு உட்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வண்டி நின்றதைப் பார்த்தாள். நான் இறங்கி வந்ததும், “அண்ணி, அப்ப என் காலு இல்லையா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “நிஜமாவா, இல்ல என்னைச் சமாதானப்படுத்தறீங்களா?” என்றாள். உன்னை நான் எப்போது சமாதானப்படுத்தியிருக்கிறேன் என்று கேட்டேன். அது சரிதான் என்று ஒப்புக்கொண்டாள்.

எனவே நான் கேட்டுக்கொள்வது: டாங்கைப் பரிசோதகர் முன்னிலையில் திறந்து பார்க்க வேண்டும். கிண்ணம் உடைந்திருக்கும் என்பது எங்கள் ஊகம்தான், திறந்தால்தான் தெரியும். என் நாத்தனார் எழுதிக்கொடுத்ததை அவள் பார்த்து எழுதியதாக எடுத்துக்கொள்ளாமல், நான் கத்தியதைக் கேட்டு எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டும். மார்க்கெட் முனையில் நான் கத்தியது நேரில் கண்டதல்ல, வாய்ப்பழக்கம். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க ஒரு கடிதம் மாதக் கடைசிக்குள் வேண்டும் என்று கேட்டேன். நாளைப் பரிசோதனை முடியட்டும், தானே எழுதித் தருவதாக ஆய்வாளர் சொன்னார்.

அதுவரை வண்டியில் யாரும் பெட்ரோல் ஊற்றக் கூடாது. இதை முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம், வண்டியை மறுபடி அரசாங்கம் பார்க்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, அத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டு கையிலும் இரண்டு பெரிய கேனைத் தூக்கிக்கொண்டு சற்று முன் வந்து சேர்ந்தார். காவலர்கள் அவரைக் கேட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அவர் அங்கிருந்து கேட்பது இங்கே காதில் விழுகிறது. நாளைப் பரிசோதனை முடியும் வரை அவரை வண்டியின் பக்கத்தில் விடாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அக்காவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இதைச் சொல்லி முடிக்கும் இந்த நேரத்தில் என் நாத்தனார் எதிரே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு செருப்பையும் கழற்றிப் போட்டிருக்கிறாள். அவளுடைய இடது கால் தரையில் சும்மா இருக்கிறது. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வழக்குக்குச் சம்பந்தமில்லையே என்று காவலர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுதினார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். பழச்சாறு உட்பட எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. வயதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

(ஒப்பம்)
பிரேக் அக்கா

என் முன்னிலையில் பதிவுசெய்யப்பட்டது. கிளட்சு பற்றிய என் வாக்கியமும் சரியே.
(ஒப்பம்)
ஆய்வாளர்